கையொப்பமிடுமுன் அறிய வேண்டிய சட்டச் சொற்கள்

உழவருக்குக் கலப்பையின் உறுப்புக்களிற் பெயர் தெரியாதது ஒன்றும் இல்லை. கொழு எது, மேழி எது, நுகத்தடி எது என்று அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். நெசவாளரும் அவ்வாறே. பாவு, ஊடை, விழுது, அச்சு, நாடா என்பவற்றில் ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால் தறி ஓடாது. ஆயினும், இவ்விருவரும் வாழ்நாளில் சில முறையேனும் கையொப்பமிட நேரும் பத்திரங்களில் உள்ள சொற்களை மட்டும், எழுதுகிறவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகின்றனர். நிலமும் வீடும் தறியும் கைமாறுவது அச்சொற்களால்தான்.

எழுத்தில் ஒன்று இருக்க, மனத்தில் வேறொன்றை நினைத்துக் கையொப்பமிட்டேன் என்று பின்னர்ச் சொல்வதை நீதிமன்றம் எளிதில் ஏற்பதில்லை. ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் எழுத்தில் அமைந்துவிட்டால், அவற்றை மாற்றியோ மறுத்தோ வாய்மொழிச் சாட்சியம் சொல்ல இயலாது என்பது 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் வகுத்த பொதுவிதி. 2024 ஜூலை முதல் அதனிடத்தில் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாட்சியச் சட்டத்திலும் அவ்விதி நிலைத்துள்ளது. மோசடி, வற்புறுத்தல் போன்ற சில விலக்குகள் உண்டு. ஆனால் அவற்றை மெய்ப்பிக்கும் சுமை, குற்றம் சொல்பவர் தலையிலேயே விழும். ஆதலின், நம் உறுப்பினர்கள் அறிந்திருக்க வேண்டிய சொற்கள் சிலவற்றை இங்கே விளக்க முற்படுகிறோம்.

வழக்குக்கு வரும் உரிமைகளையும் கடமைகளையும் மூன்று கேள்விகளில் அடக்கலாம். நாம் எதனைச் செய்வதாக ஒப்புக்கொண்டோம் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் கேள்வி. எது யாருடையது என்பது சொத்துரிமைச் சட்டத்தின் கேள்வி. யார் செயலால் யாருக்குத் தீங்கு நேர்ந்தது என்பது தீங்கியல் சட்டத்தின் கேள்வி.

ஒப்பந்தம்

பேச்சு வழக்கில் உடன்படிக்கை, ஒப்பந்தம் இரண்டையும் ஒன்றாகவே வழங்குகிறோம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் அவற்றைப் பிரித்துக் காண்கிறது. ஒருவர் ஒன்றைச் செய்ய முன்வந்து மற்றவரின் இசைவைக் கேட்பது முன்மொழிவு. மற்றவர் அதனை அப்படியே ஒப்புக்கொள்வது ஏற்பு. இவ்விரண்டும் கூடி உடன்படிக்கை பிறக்கிறது. அதனைச் சட்டத்தின் துணைகொண்டு நிறைவேற்றிக்கொள்ளக் கூடுமாயின் அதுவே ஒப்பந்தம்.

அப்படியே ஒப்புக்கொள்வது என்றதைக் கவனிக்க வேண்டும். நூல் வியாபாரி ஒருவர் ஒரு விலையைக் குறித்து, சரக்கு வந்தவுடன் பணம் தர வேண்டும் என்று எழுதுகிறார். விலைக்குச் சம்மதம், பணம் இரண்டு மாதம் கழித்துத் தருவோம் என்று சங்கம் விடை எழுதினால், அது ஏற்பு அன்று, புதியதொரு முன்மொழிவு. வியாபாரி அதற்கு இசையும் வரை இருதரப்பிலும் கட்டுப்பாடு இல்லை.

ஒப்பந்தம் செய்பவர் 18 வயது நிரம்பியவராகவும் தெளிந்த புத்தியுடையவராகவும் இருக்க வேண்டும். அவர் தம் விருப்பத்துடன் இசைந்திருக்க வேண்டும். நோக்கம் சட்டத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். வயது நிரம்பாதவர் எழுதிக்கொடுத்த அடமானம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று கல்கத்தாவிலிருந்து வந்த வழக்கொன்றில் 1903இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. பணம் கொடுத்தவருக்கு அப்பணமும் திரும்பவில்லை.

சட்டம் எழுத்தை வேண்டும் இடங்களைத் தவிர, வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தமே. ஆனால், எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்று நம் முன்னோர் கேட்டது, மெய்ப்பிப்பதன் அருமையை உணர்ந்துதான்.

பிரதிபலன்

பத்திரங்களில் பிரதிப்பிரயோஜனம் என்றும் எழுதப்படும் சொல் இது. ஒரு வாக்குக்கு ஈடாக எதிர்த்தரப்பு தருவது, செய்வது, அல்லது செய்யாது விடுவது பிரதிபலன். பிரதிபலன் இல்லாத வெறும் வாக்கு பொதுவாக ஒப்பந்தமாகாது. நெருங்கிய உறவினரிடையே அன்பினால் எழுதிப் பதிவு செய்யப்பட்டதும், காலங்கடந்த கடனைத் தருவதாக எழுதிக் கையொப்பமிட்டதும் விலக்குகளுட் சில.

பிரதிபலன் வாக்குப் பெற்றவரிடமிருந்தே வர வேண்டுமென்பதில்லை. 1882இல் சென்னை உயர் நீதிமன்றம் முடிவு செய்த வழக்கொன்று இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. மூதாட்டி ஒருவர் தம் சொத்தை மகளுக்குத் தானமாக எழுதிவைத்து, தம் உடன்பிறப்புக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை கொடுத்துவருமாறு பணித்தார். மகளும் அவ்வாறே எழுதிக்கொடுத்தார். பின்னர், தொகை கேட்பவர் எனக்கு ஒன்றும் தரவில்லையே என்று வாதாடினார். தாய் தந்த சொத்தே போதிய பிரதிபலன் என்று நீதிமன்றம் கூறிவிட்டது. சொத்தை எழுதிவாங்கும் பிள்ளைகள், அதனோடு ஏற்ற கடமையும் தம்மைக் கட்டும் என்பதை உணர வேண்டும்.

நஷ்டஈடு

ஒப்பந்தத்தை மீறியவர் அதனால் இயல்பாக விளைந்த நட்டத்துக்கும், அவ்வாறு நட்டம் வரும் என்று ஒப்பந்தம் செய்யும்போதே இருவரும் அறிந்திருந்த நட்டத்துக்கும் ஈடு தர வேண்டும். தொலைவிலுள்ள நட்டங்களுக்குப் பொறுப்பில்லை. 1854இல் இங்கிலாந்தில் முடிவான வழக்கு ஒன்று உண்டு. ஒரு மாவு ஆலையின் சுழல்தண்டு முறிந்தது. அதனை எடுத்துச் சென்றவர்கள் காலந்தாழ்த்தினர், ஆலை நின்றது. அத்தண்டின்றி ஆலையே ஓடாது என்ற செய்தி அவர்களுக்கு உரியவாறு தெரிவிக்கப்படாததால், ஆலையின் இலாப இழப்பைக் கேட்க முடியாது என்று தீர்ப்பாயிற்று. நம் சட்டத்தின் 73ஆம் பிரிவும் இக்கருத்தையே தழுவியது. எனவே, பொங்கல் விற்பனைக்கென்று நூல் வாங்கும் சங்கம், இன்ன நாளுக்குள் வராவிடில் பண்டிகை விற்பனை போய்விடும் என்பதை ஆர்டரிலேயே எழுதிவைப்பது நலம்.

மீறினால் இவ்வளவு தண்டம் என்று பத்திரத்தில் எழுதியிருந்தாலும் அத்தொகை முழுதும் தானாகக் கிடைத்துவிடாது. அதனை உச்சவரம்பாகக் கொண்டு, நியாயமான ஈட்டையே நீதிமன்றம் வழங்கும் என்பது 74ஆம் பிரிவு.

ஜாமீன்

நம் உறுப்பினர்கள் மிகுதியாகக் கையொப்பமிடுவதும், மிகக் குறைவாக ஆராய்வதும் ஜாமீன் பத்திரத்தைத்தான். கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் முதலில் அவர் சொத்தை ஏலம் போடுவார்கள், அதுவும் போதாவிட்டால்தான் நம்மிடம் வருவார்கள் என்று பலர் நம்புகின்றனர். இந்நம்பிக்கைக்குச் சட்டத்தில் இடமில்லை. பத்திரத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலன்றி, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமமானது என்கிறது 128ஆம் பிரிவு. கடன் கொடுத்தவர் கடனாளியைத் தொடர்ந்து முடித்த பிறகே ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்பதில்லை என்று 1969இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கியது.

ஜாமீன்தாரருக்கு உரிமைகளும் உண்டு. அவர் இசைவின்றிக் கடனின் நிபந்தனைகளை மாற்றினால், அம்மாற்றத்துக்குப் பின் எழும் பொறுப்பிலிருந்து அவர் விடுபடுகிறார். கடனைத் தாம் செலுத்திவிட்டால், கடன் கொடுத்தவருக்கு இருந்த உரிமைகள் அனைத்தும் அவருக்கு வந்துசேரும். செலுத்திய தொகையைக் கடனாளியிடம் பெறலாம். இருவர் மூவர் சேர்ந்து ஜாமீன் நின்றிருந்தால், வேறு ஏற்பாடு இல்லாதவிடத்து, ஒருவர் செலுத்தியதில் மற்றவரிடமும் சமபங்கு கேட்கலாம். அண்டை வீட்டாருக்கு உதவுவது கூட்டுறவின் உயிர்நாடி. ஆனால், தொகை முழுவதையும் நாமே கட்ட நேரிடலாம் என்று தெரிந்து நிற்பதே உண்மையான உதவி.

ஒப்படைப்பு

ஒரு வேலைக்காகத் தம் பொருளைப் பிறர் கையில் கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்பப் பெறுவது ஒப்படைப்பு. நூலையும் ஜரிகையையும் கொடுத்துச் சேலை நெய்து வாங்குவது இதுவே. நூல் தறிக்கு வந்தபோதும் கொடுத்தவருக்கே சொந்தம். பெற்றவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளை எவ்வளவு கவனத்துடன் காப்பாரோ அவ்வளவு கவனம் செலுத்த வேண்டும். அவ்வாறு காத்தும் தீயாலோ வெள்ளத்தாலோ நூல் அழிந்தால், தனி நிபந்தனை இல்லாதவரை, நெசவாளர் பொறுப்பாகார்.

இன்னுமொன்று நெசவாளர் அறிய வேண்டும். ஒப்படைத்த பொருளின்மேல் உழைப்பையோ திறமையையோ செலுத்தியவர், தமக்குரிய கூலி கிடைக்கும்வரை அப்பொருளைத் தம்மிடம் நிறுத்திவைக்கலாம் என்கிறது 170ஆம் பிரிவு. மாறான நிபந்தனை இருக்கக்கூடாது; வேலையும் ஒப்பியபடி முடிந்திருக்க வேண்டும். இவ்வுரிமை அந்தச் சேலையின் கூலிக்கு மட்டுமே. பழைய பாக்கிக்காக இன்றைய சேலையைப் பிடித்துவைக்க இயலாது. சேலையைக் கொடுத்துவிட்டால் உரிமையும் அதனோடு போய்விடும்.

கிரயமும் அடமானமும்

இனி நிலத்துக்கு வருவோம். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, ரூ.100 அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்புள்ள நிலத்தின் கிரயம் பதிவு செய்த பத்திரத்தால்தான் முற்றுப்பெறும். கிரய உடன்படிக்கை நிலத்தின்மேல் உரிமையைத் தராது. கிரயம் எழுதித் தருமாறு கேட்கும் உரிமையை மட்டுமே தரும். கிரய உடன்படிக்கை, பொது அதிகாரப் பத்திரம், உயில் ஆகியவற்றை எழுதிவாங்கிக்கொண்டு விலையைக் கொடுத்துவிடும் வழக்கத்தால் நிலம் சொந்தமாகாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் திட்டவட்டமாகக் கூறியது.

கடனுக்கு ஈடாக நிலத்தின் மீது ஓர் உரிமையை எழுதிக்கொடுப்பது அடமானம். நிலத்தை ஒப்படைத்து, அதன் விளைவை வட்டிக்கு ஈடாக எடுத்துக்கொள்ள விடுவது போக்கியம் அல்லது ஒத்தி. அடமானம் எவ்வடிவிலிருந்தாலும், கடனைத் தீர்த்து நிலத்தை மீட்கும் உரிமை எழுதிக்கொடுத்தவரை விட்டு நீங்காது. மீட்க முடியாதபடி தடுக்கும் நிபந்தனையை எழுதினாலும் அது செல்லாது. கிரயத்துக்கு இக்காப்பு இல்லை.

இங்கேதான் பெரும் இடர் காத்திருக்கிறது. கடன் கொடுப்பவர், அடமானம் என்று எழுத வேண்டாம், கிரயமாக எழுதுவோம், பணத்தைத் திருப்பித் தந்தால் நிலத்தைத் திருப்பி எழுதித் தருகிறேன் என்கிறார். அவசரத்தில் இருப்பவர் இசைகிறார். திருப்பித் தரும் வாக்கு வாய்மொழியாகவோ தனித் தாளிலோ நிற்கிறது. 1929இல் சேர்த்த திருத்தத்தின்படி, திருப்பித் தரும் நிபந்தனை அதே கிரயப் பத்திரத்திலேயே அடங்கியிருந்தாலன்றி அதனை அடமானமாகக் கொள்ள முடியாது. அந்த நிபந்தனை தனித் தாளில் இருந்தால், குறித்த தவணை கடந்தபின் நிலம் போனதுதான். ஒரே கடன், ஒரே நிலம், ஒரே பேச்சு. பத்திரத்தில் நிற்கும் ஒரு சொல்லால் ஒருவர் நிலத்தை மீட்கிறார், மற்றொருவர் இழக்கிறார்.

பட்டாவும் பத்திரமும்

பட்டா என் பெயரில் இருக்கிறது, ஆகவே நிலம் என்னுடையது என்பது எங்கும் கேட்கும் பேச்சு. பட்டா, சிட்டா, அடங்கல் ஆகியவை வருவாய்த்துறையின் பதிவுகள். தீர்வை யார் பெயரில், பயிர் என்ன, அனுபவம் யாரிடம் என்பவற்றுக்கு அவை நல்ல சான்று. ஆனால், வருவாய்ப் பதிவு மட்டும் உரிமையைப் படைப்பதுமில்லை, அழிப்பதுமில்லை என்று உச்ச நீதிமன்றம் பலமுறை கூறியுள்ளது. உரிமை எங்கிருந்து வந்தது என்பதை மூலப் பத்திரங்களின் தொடர்ச்சியே காட்டும். வில்லங்கச் சான்று பதிவான நடவடிக்கைகளை மட்டும் காட்டும். பதிவாகாத உயிலையோ வாய்மொழிக் குத்தகையையோ அது காட்டாது. ஆகையால், நிலம் வாங்குபவர் மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா மூன்றையும் ஒத்துப்பார்ப்பதோடு, நிலத்தில் நேரிற் சென்று, உழுகிறவர் யார் என்றும் கேட்க வேண்டும்.

வழியும் வாய்க்காலும்

பிறர் நிலத்தின் வழியே நம் வயலுக்கு நடப்பதும் நீர் கொண்டுசெல்வதும் வசதியுரிமை எனப்படும். 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, 20 ஆண்டுகள் வெளிப்படையாகவும், அமைதியாகவும், இடையறாமலும், உரிமையாகவே அனுபவித்து வந்தால் இது நிலைபெறும். தடுக்கப்பட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கிட வேண்டும். நிலத்துக்காரர் நல்லெண்ணத்தால் அனுமதித்து அதன்பேரில் நடந்திருந்தால், அது வெறும் அனுமதியே. எத்தனை ஆண்டு சென்றாலும் உரிமையாகாது. வாய்க்காலுக்கு இடம் விடுபவரும் கேட்பவரும் இதனை முதலிலேயே எழுதிக்கொண்டால் பேரன் காலத்துச் சண்டை இன்றே தீரும்.

தீங்கு

ஒப்பந்தம் ஏதுமின்றியே ஒருவருக்கொருவர் செலுத்த வேண்டிய கடமைகளும் உண்டு. அவற்றை மீறுவது தீங்கு. இதற்கெனத் தனிச் சட்டத் தொகுப்பு நம் நாட்டில் இல்லை; நீதிமன்றத் தீர்ப்புக்களால் வளர்ந்த துறை இது. அனுமதியின்றிப் பிறர் நிலத்தில் புகுவது அத்துமீறல். செலுத்த வேண்டிய கவனத்தைச் செலுத்தாமல் பிறருக்குச் சேதம் விளைவிப்பது கவனக்குறைவு. தம் இடத்தில் செய்யும் செயலால், புகையாலோ நாற்றத்தாலோ கழிவுநீராலோ, பிறர் தம் இடத்தை அனுபவிக்க முடியாதபடி செய்வது தொல்லை.

கவனக்குறைவு இல்லாதபோதும் பொறுப்பு உண்டா என்ற கேள்வி நீரைப் பற்றியே எழுந்தது. இங்கிலாந்தில் பருத்தியாலை அதிபர் ஒருவர் ஆலைக்காகக் கட்டிய நீர்த்தேக்கம் உடைந்து, பக்கத்து நிலக்கரிச் சுரங்கம் நீரில் மூழ்கியது. தப்பினால் தீங்கு செய்யும் பொருளைத் தம் நிலத்தில் கொணர்ந்து தேக்குபவரே பொறுப்பு என்று 1868இல் பிரபுக்கள் சபை முடிவு செய்தது. சில ஆண்டுகளில் இக்கேள்வி சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கார்வேட்டிநகர் ஜமீனில் பெருமழையால் ஏரிகள் உடைந்து, இரயில் பாதை சேதமுற்றது. இரயில்வே கம்பெனி ஜமீன்தாரிடம் ஈடு கேட்டது. இந்நாட்டு ஏரிகள் தொன்றுதொட்டு மக்களின் பிழைப்புக்காக இருப்பவை; அவற்றைக் காப்பது ஜமீன்தாரின் கடமை; ஆகவே கவனக்குறைவு இல்லாதவரை அவர் பொறுப்பாகார் என்று 1874இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. ஊர் வாழத் தேக்கிய நீரும் ஓர் ஆலைக்காகத் தேக்கிய நீரும் ஒன்றல்ல என்பதே இதன் சாரம்.

ஆபத்தான தொழில் நடத்துவோரின் பொறுப்பை நம் நீதிமன்றங்கள் இன்னும் கடுமையாக்கின. டில்லியில் 1985 டிசம்பரில் ஓர் ஆலையிலிருந்து நச்சு வாயு கசிந்ததை ஒட்டிய வழக்கில், அத்தகைய தொழிலால் விளையும் கேட்டுக்கு எவ்வித விலக்குமின்றித் தொழில் நடத்துவோரே முழுப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 1986இல் கூறியது. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளைப் பற்றிய 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில், மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்னும் கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்கப்பட்டது.

நெசவும் உழவும் எதிரெதிரே நின்ற வழக்கு நொய்யலாற்று வழக்கு. திருப்பூர்ச் சாயப் பட்டறைகளின் கழிவு ஆற்றில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழ்ப்புறத்து வயல்களையும் கிணறுகளையும் கெடுத்தது. ஆயக்கட்டு உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். கழிவு ஒரு துளியும் ஆற்றில் சேராதபடி சுத்திகரிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் கட்டளையிட்டது; உச்ச நீதிமன்றம் 2009இல் அதனை உறுதி செய்தது. கட்டளை நிறைவேறாததால் 2011 ஜனவரியில் சாயப் பட்டறைகளை மூடும்படி உத்தரவாயிற்று. உழவருக்குக் கிணறு போயிற்று. பட்டறைத் தொழிலாளருக்கு வேலை போயிற்று. சாயமிடும் சங்கங்கள் கழிவுநீர் எங்கே போகிறது என்பதை முதல் நாளே கணக்கிடுவது, அண்டை உழவருக்குச் செய்யும் தயவு அன்று. தம் தொழிலுக்கே செய்துகொள்ளும் காப்பு.

காலவரம்பு

உரிமை இருந்தும் காலங்கடந்து கேட்டால் பயனில்லை. கேட்டவுடன் தருவதாக எழுதிய பிராமிசரி நோட்டுக் கடனுக்கு, எழுதிய நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்கிட வேண்டும். அதற்குள் கடனாளி ஒரு பகுதியைச் செலுத்தி எழுத்தில் குறித்தாலோ, கடனை ஒப்பி எழுதிக் கையொப்பமிட்டாலோ மூன்று ஆண்டு மீண்டும் தொடங்கும். பிறர் நம் நிலத்தை நமக்கு எதிராக, வெளிப்படையாக, இடையறாது 12 ஆண்டுகள் அனுபவித்துவிட்டால் மீட்கும் உரிமையையே இழக்க நேரும். குத்தகைதாரராகவோ அனுமதியின்பேரிலோ இருப்பவரின் அனுபவம் அத்தகையது அன்று. வெளியூரில் வாழும் நிலத்துக்காரர்கள் இதனை மறத்தலாகாது.

செய்யத்தக்கவை

எந்தப் பத்திரமாயினும் முழுதும் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். இது கிரயமா, அடமானமா, ஜாமீனா என்று வாய்விட்டுக் கேட்டு, விடை பத்திரத்தின் எழுத்தோடு ஒத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாய்மொழியாகத் தந்த ஒவ்வொரு வாக்கும் அதே பத்திரத்தில் இடம்பெற வேண்டும். வெற்றுத் தாளிலோ தொகை குறிக்காத நோட்டிலோ ஒருபோதும் கையொப்பமிடலாகாது. நகல் ஒன்றைக் கையோடு பெற வேண்டும்.

சங்கத்துக்கும் உறுப்பினருக்கும் இடையே சங்க அலுவலைப் பற்றி எழும் தகராறுகளைப் பதிவாளரிடம் கொண்டுசெல்லும் வழியை 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 90ஆம் பிரிவு அமைத்துள்ளது. மற்றவற்றில், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், குறைந்த வருவாயினர் முதலியோர் மாவட்ட, வட்டச் சட்டப் பணிகள் அமைப்புகளில் கட்டணமின்றி வழக்கறிஞர் உதவி பெறலாம். அதற்கான தொலைபேசி எண் 15100.

இக்கட்டுரை வழக்கறிஞரின் ஆலோசனைக்கு ஈடாகாது. ஆனால், எந்தச் சொல்லைப் பற்றி ஆலோசனை கேட்க வேண்டும் என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஒவ்வொரு சங்கமும் அடுத்த பொதுக்கூட்டத்தில், தான் உறுப்பினரிடம் வாங்கும் ஜாமீன் பத்திரத்தை உரக்கப் படித்து, அதன் சொற்களை விளக்கிச் சொல்லுமாக. கையொப்பமிடுமுன் செலவிடும் அந்த அரைமணி நேரம், பின்னர் நீதிமன்ற வாயிலில் கழியக்கூடிய பல ஆண்டுகளை மிச்சப்படுத்தும்.